பனிக்காளான்: கிண்ணத்தில் ஒரு விலை, குப்பியில் ஒரு விலை

முகத்துக்குப் பூசும் சீரம், தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் 'பியூட்டி பவுடர்', 500 மில்லிகிராம் கேப்சூல் என்று இணையக் கடைகளில் இப்போது ஒரு பெயர் அடிக்கடி கண்ணில் படுகிறது: டிரெமெல்லா. சில அட்டைகளில் 'ஸ்நோ மஷ்ரூம்' என்று இருக்கும். 'தாவரக் கொலாஜன்' என்பார்கள். தன் எடையைப்போல 500 மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும் என்பார்கள். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு இந்தப் பொருள் வேறு கோலத்தில் ஏற்கெனவே பழக்கம். உணவங்காடியில் 'செங் தெங்' என்று ஒரு கிண்ணம் இனிப்புச் சாறு வாங்கினால், பார்லிக்கும் லோங்கான் பழத்துக்கும் நடுவே வெள்ளையாக, கடித்தால் நறுக்கென்று ஒரு துண்டு அகப்படுமே, அதுதான் இது. அங்கே சில வெள்ளிக்குக் கிடைப்பது, பொடியாகிக் குப்பிக்குள் போனதும் பல மடங்கு விலை ஏறிவிடுகிறது. ஏறிய விலைக்கு ஏற்ற சரக்கு உள்ளே இருக்கிறதா என்று பார்ப்போம்.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். காய்ந்த பனிக்காளான் ஒரு கைப்பிடி அளவு இருக்கும். எடையே தெரியாது. வெளிர்மஞ்சள் நிறம், அடியில் தேன் நிறத்தில் கட்டியாக ஒரு முடிச்சு. அழுத்தினால் பொடியும். தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் விட்டால் பாத்திரம் நிறைய விரிந்து, மெல்லிய அலையலையான மடல்களாகும். வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் மங்கலாகத் தெரியும். மணம் கிடையாது, சுவையும் கிடையாது. நம் ஊர் பாதாம் பிசினை ஊறவைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தை புதிதாக இருக்காது. அது மரத்திலிருந்து வடியும் பிசின், இது காளான். இரண்டிலும் தண்ணீரைக் குடித்து உப்புவது நீண்ட சங்கிலிச் சர்க்கரைதான்.

குடையும் தண்டும் கொண்ட காளான்களின் வகை அல்ல இது. ஜெல்லிக் காளான் என்று ஒரு தனிக் கூட்டம் இருக்கிறது. உடல் முழுவதும் கூழ்ப்பதம். மழை பெய்தால் ஊதும், வெயிலடித்தால் சுருங்கி மரப்பட்டையோடு ஒட்டிக்கொள்ளும், மறுபடி மழை வந்தால் உயிர்க்கும். சீன உணவகச் சூப்பில் மிதக்கும் கறுப்புக் காளானும் ஜெல்லிக் காளான்தான், ஆனால் அது வேறு பேரினம். பனிக்காளானின் அறிவியல் பெயர் டிரெமெல்லா ஃபூசிஃபார்மிஸ். பெயர் வைத்தவர் ஆங்கிலேயக் காளானியலாளர் மைல்ஸ் ஜோசஃப் பெர்க்லி, ஆண்டு 1856. சீனர்கள் சாப்பிடும் காளானுக்கு அவர் பெயர் வைத்தது ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் என்ற தாவரவியலாளர் பிரேசில் காட்டில் சேகரித்த மாதிரியைப் பார்த்து. வெப்பமண்டல நாடுகளில் பரவலாக முளைப்பதுதான்; ஆனால் அதைச் சமையலுக்குள் கொண்டுவந்து, பயிராக்கி, வியாபாரமாகவும் வளர்த்தவர்கள் சீனர்கள்.

அப்படிப் பயிராக்கிய கதையில்தான் இந்தக் காளானின் குணம் தெரியும். பட்டுப்போன மரத்தில் முளைக்கிறதே, மரத்தைத் தின்றுதான் வளர்கிறது என்று எவரும் நினைப்போம். உண்மையில் மரத்தை உடைத்துத் தின்னும் திறன் இதற்கு அதிகம் இல்லை. அதே மரத்தில் கறுப்பாகப் படரும் இன்னொரு பூஞ்சையின் மேல் இது தொற்றிக்கொள்கிறது. அன்னுலோஹைப்பாக்ஸிலான் என்பது அந்தக் கறுப்புப் பூஞ்சையின் பெயர். அது மரத்தை உடைத்துச் சாப்பிடும். இது அதனிடமிருந்து எடுத்துக்கொள்ளும். ஒட்டுண்ணி வாழ்க்கை. இதில் வேடிக்கை, 1939இல் யோஷியோ கோபயாசி என்ற ஜப்பானிய ஆய்வாளர் ஒரு ஜெல்லிக் காளானின் மேல் கறுப்பு முட்கள் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு, புதுப் பேரினம் என்றே பெயர் சூட்டிவிட்டார். பிறகுதான் தெரிந்தது, அதுவும் பனிக்காளான்தான். முட்கள் அதன்மேல் தொற்றிய மூன்றாவது பூஞ்சைக்குரியவை. ஒட்டுண்ணிக்கும் ஒட்டுண்ணி உண்டு.

இந்த ரகசியம் தெரியாத காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், சிச்சுவான் மாகாண மலைப்பகுதிகளில் ஓக் மரக் கட்டைகளை வெட்டி ஈரமான நிழலில் அடுக்கிவிட்டுக் காத்திருப்பார்கள். முளைத்தால் அதிர்ஷ்டம். தொங்ஜியாங் என்ற ஊர் அந்தக் கட்டைக் காளானுக்கு இன்றும் பேர்போனது. விளைச்சல் அவ்வளவு அரிதாக இருந்ததால் பனிக்காளான் பணக்காரர் வீட்டுப் பண்டமாக, பரிசுப்பொருளாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் ஆய்வாளர்கள் இதன் வித்துத்தூளை மட்டும் கட்டையில் தடவிப் பார்த்தார்கள். சில சமயம் வந்தது, சில சமயம் வரவில்லை. கறுப்புப் பூஞ்சையையும் சேர்த்தே வித்தாகப் போட வேண்டும் என்பது பிடிபட்ட பிறகுதான் நிலைமை மாறியது. சிப்பிக்காளான் படுக்கை போடுகிறவர்களுக்கு இது புரியும்: வைக்கோலுக்கு ஒரு வித்து போதும், இங்கே ஒரே பையில் இரண்டு உயிரை, சரியான விகிதத்தில், சேர்த்து வளர்க்க வேண்டும்.

1970களிலிருந்து ஃபூஜியன் மாகாணத்தின் குட்யென் மாவட்டம் இதைத் தொழிலாக்கியது. கட்டை போய்ப் பை வந்தது. பருத்திக்கொட்டைத் தோல் அல்லது மரத்தூள், கோதுமைத் தவிடு, கொஞ்சம் ஜிப்சம். நீளமான பிளாஸ்டிக் பையில் அடைத்து, ஆவியில் வேகவைத்துக் கிருமி நீக்கி, பக்கவாட்டில் சில துளை போட்டு, துளைக்கொரு கட்டி இரட்டை வித்து. ஏறத்தாழ நாற்பது நாளில் துளைக்கொரு பூவாக வெள்ளை வெளேரென்று விரிந்து நிற்கும். இன்று உலகச் சந்தைக்கு வரும் பனிக்காளானில் பெரும்பங்கு அந்த ஒரு மாவட்டத்தின் சரக்கு. ஜமீன்தார் வீட்டுப் பண்டம் மளிகைக் கடைக்கு வந்தது இப்படித்தான்.

சமையலைப் பற்றிச் சொல்லாமல் இதைப் பற்றி எழுதுவது நியாயமில்லை, ஏனென்றால் இதன் உண்மையான இடம் அடுப்படி. சீன வீடுகளில் பெரும்பாலும் இனிப்பாகத்தான் செய்வார்கள். ஊறிய பூவைக் கவிழ்த்து, மஞ்சள் முடிச்சைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்துவிட்டு, மடல்களைக் கையால் சின்னச் சின்னதாகப் பிய்க்க வேண்டும். எவ்வளவு சிறிதாகப் பிய்க்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் கொழகொழப்பு இறங்கும். மூழ்கத் தண்ணீர் விட்டுக் கொதி வந்ததும் தீயைக் குறைத்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் விட்டுவிடுவார்கள். தாமரை விதையும் சீன இலந்தையும் நடுவில் போடுவார்கள். கற்கண்டும் சிவப்பு கோஜிப் பழமும் கடைசியில், இறக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது. முதலிலேயே போட்டால் கோஜி கரைந்து புளிப்பேறும். கரண்டியைத் தூக்கினால் சாறு நூலாக இழுபட வேண்டும், அதுதான் பதம். சிலர் பீச் மரப் பிசினையும் சேர்ப்பார்கள். ஆற வைத்துக் குளிர்ச்சியாகச் சாப்பிடுவது கோடைக்கு. சூடாக, பேரிக்காய்த் துண்டுகளோடு சாப்பிடுவது இலையுதிர் காலத்துக்கு.

கால் மணி நேரம் மட்டும் வேகவைத்தால் அது வேறு பண்டம். கொழகொழப்பு இறங்காது, மடல் மொறுமொறுவென்று இருக்கும். அதை வடித்து, வினிகர், நல்லெண்ணெய், பூண்டு, மிளகாய் போட்டுப் பிசறினால் சாலட். இனிப்புச் சாறு பிடிக்காதவர்களுக்கும் இது பிடிக்கும் என்பது என் அனுபவம். வியட்நாமில் 'செ' என்ற இனிப்பு வகையிலும் இதைப் பார்க்கலாம். இன்னொரு விஷயம்: தென்கிழக்காசியக் கடைகளில் விற்கும் 'பறவைக்கூட்டுப் பானம்' குப்பிகளைத் திருப்பிச் சேர்பொருள் பட்டியலைப் படியுங்கள். பலவற்றில் உழவாரன் கூடு பெயருக்கு ஒரு துளி. கரண்டியில் வரும் வழவழப்பான துண்டெல்லாம் பனிக்காளான். ஏழைகளின் பறவைக்கூடு என்று சீனர்கள் இதைச் சொல்வதும் அந்த ஒற்றுமையால்தான். சத்தில் இரண்டுக்கும் உறவில்லை. கூடு பறவையின் எச்சில் புரதம், இது காளானின் சர்க்கரை.

மருந்தாகவும் சீனர்கள் இதைப் பார்த்தார்கள். அவர்கள் வைத்திய முறையில் இது 'யின்' வளர்க்கும் பொருள், நுரையீரலுக்கு ஈரம் தருவது. காற்று வறண்ட மாதங்களில் வரும் வறட்டிருமல், தொண்டைக் காய்ச்சல், நோயிலிருந்து எழுந்தவரின் தளர்ச்சி ஆகியவற்றுக்கு இந்தச் சாற்றைக் கொடுப்பார்கள். உடல் சூடு, குளிர்ச்சி என்று பேசிப் பழகிய நமக்கு இந்தச் சிந்தனை அந்நியமல்ல. தொண்டை வறண்டவருக்கு வெதுவெதுப்பான, வழவழப்பான இனிப்புச் சாறு இதமாக இருக்கும் என்பதை ஏற்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. தாங் வம்சத்துப் பேரழகி யாங் குய்ஃபெய் இதைச் சாப்பிட்டுத்தான் மினுமினுத்தாள் என்ற கதையை மட்டும் விற்பனைக் கதையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி விஞ்ஞானம். காய்ந்த பனிக்காளானில் பெரும்பகுதி மாவுப்பொருளும் நார்ச்சத்தும். நூறு கிராமுக்கு ஏறத்தாழ 10 கிராம் புரதமும் 30 கிராம் நார்ச்சத்தும் இருக்கும் என்று சீன உணவுச்சத்து அட்டவணை சொல்கிறது. ஒரு கிண்ணத்துக்கு நாம் போடுவது ஐந்திலிருந்து பத்து கிராம். ஆக, இரண்டு மூன்று கிராம் நார்ச்சத்து. நல்லதுதான், மலைக்கும்படி ஒன்றுமில்லை. பேச்செல்லாம் அதன் கொழகொழப்பைப் பற்றியது. மான்னோஸ் என்ற சர்க்கரை முதுகெலும்பாக நீண்டு, அதிலிருந்து சைலோஸ், குளுகுரோனிக் அமிலம் கிளைகளாகத் தொங்கும் பெரிய மூலக்கூறு அது. அந்த அமிலக் கிளைகள் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் பூ உப்புகிறது, சாறு கெட்டிப்படுகிறது.

இப்போது 'தாவரக் கொலாஜன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கொலாஜன் என்பது விலங்குகளின் தோல், எலும்பு, தசைநாண்களில் உள்ள புரதம். பனிக்காளானில் அது துளியும் கிடையாது. இது தாவரமும் அல்ல. இரண்டு சொல்லும் பிழை. அட்டையில் மட்டும் கம்பீரமாக நிற்கிறது.

சீரத்தில் சேர்க்கப்படுவது ஹயலூரானிக் அமிலத்துக்கு மாற்றாக. 'இதன் துகள் அதைவிடச் சிறியது, தோலுக்குள் ஆழமாக இறங்கும்' என்ற வரியை நீங்கள் படித்திருக்கலாம். பனிக்காளான் பாலிசாக்கரைடின் மூலக்கூறு எடை பொதுவாகப் பத்து லட்சம் டால்டனுக்கு மேல். தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே போக வேண்டுமென்றால் 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும் என்பது மருந்தியலில் சொல்லும் பொது விதி. இரண்டாயிரம் மடங்கு பெரிய பொருள் எங்கே இறங்கும்? அது தோலின்மேல் மெல்லிய படலமாக நின்று ஈரம் ஆவியாகாமல் தடுக்கும், தொட்டால் வழவழப்பாக இருக்கும். மாய்ஸ்சரைசர் என்ற அளவில் அது நல்ல வேலை. அதற்கு மேல் சொல்வது மிகை.

சாப்பிட்டால்? நம் குடலின் என்சைம்கள் இந்தச் சங்கிலியை உடைப்பதில்லை. அது நேரே பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்களுக்குத் தீனியாகும். மலம் இளகும், சர்க்கரை இரத்தத்தில் ஏறுவது சற்று மெதுவாகும். நார்ச்சத்து செய்யும் வேலையை இதுவும் செய்யும். முழுச் சங்கிலியாகவே இரத்தத்தில் கலந்து, கன்னத்தைத் தேடிப்போய் ஈரமாக்குகிறது என்பதற்கு வழியே இல்லை.

எலிகளிலும் கண்ணாடிக் குடுவைச் செல்களிலும் நடந்த ஆய்வுகள் ஏராளம்: அழற்சி குறைந்தது, கொழுப்பு குறைந்தது, நோயெதிர்ப்பு செல்கள் தூண்டப்பட்டன என்று. மனிதர்களிடம் நடந்தவை சொற்பம். கவனிக்கத்தக்க ஒன்று, 2018இல் வெளியான கொரிய ஆய்வு. மறதி கூடிவருவதாகத் தாங்களே உணர்ந்த 75 பேரைப் பிரித்து, ஒரு நாளைக்கு 600 அல்லது 1200 மில்லிகிராம் பனிக்காளானோ போலி மாத்திரையோ 8 வாரம் கொடுத்தார்கள். காளான் எடுத்தவர்களுக்கு மறதிக் குறை சற்றுக் குறைந்தது. மேற்கொண்டு ஆராயத் தகுந்த முடிவு. ஆனால் 75 பேரும் இரண்டு மாதமும் வைத்து 'மூளைக்கு மருந்து' என்று அட்டையில் போட்டுவிட முடியாது.

'சீனாவில் இது அங்கீகரிக்கப்பட்ட மருந்து' என்று ஒரு வரி விற்பனைப் பக்கங்களில் வரும். அது பாதி உண்மை. கீமோதெரபி, கதிர்வீச்சுச் சிகிச்சையில் வெள்ளணுக்கள் குறைந்தவர்களுக்கு, டிரெமெல்லா பாலிசாக்கரைடு கேப்சூலை அங்கே மருத்துவர் எழுதிக் கொடுப்பதுண்டு. ஆனால் அது பூவை அரைத்த பொடி அல்ல. பனிக்காளானின் வித்துகளைத் திரவத்தில் போட்டால் அவை ஈஸ்டாக மொட்டுவிட்டுப் பெருகும். அந்த ஈஸ்டைத் தொட்டிகளில் புளிக்கவைத்துப் பிரித்தெடுத்த சர்க்கரை, குடலில் போய்க் கரையும் உறையில் அடைத்தது. அந்த அங்கீகாரத்தை இரவல் வாங்கி இணையத்தில் விற்கும் பொடிக்கு ஒட்ட முடியாது.

'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்ற வாசகத்தைப் பற்றியும் ஒன்று. கிரிப்டோகாக்கஸ் என்ற ஈஸ்ட், நோயெதிர்ப்பு குன்றியவர்களுக்கு மூளையுறைக் காய்ச்சலை உண்டாக்கும். அது பனிக்காளானின் உறவுக்காரன், ஒரே வரிசையைச் சேர்ந்தது. அது தன்மேல் போர்த்திக்கொண்டிருக்கும் உறையும் இதே குடும்பச் சர்க்கரைதான். அந்த உறையைக் காட்டித்தான் நம் உடலின் காவல் செல்களை ஏய்க்கிறது. இதனால் பனிக்காளான் சாப்பிட்டால் ஆபத்து என்று யாரும் பயப்பட வேண்டாம். அது பாதுகாப்பான உணவு. ஆனால் ஒரு மூலக்கூறு எதிர்ப்புச் சக்தியைத் தொடுகிறது என்பதும், அதைக் கூட்டி நமக்கு நன்மை செய்கிறது என்பதும் ஒன்றல்ல.

இவ்வளவுக்குப் பிறகும் பொடியோ கேப்சூலோ வாங்கத்தான் வேண்டும் என்றால் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். பூவிலிருந்து எடுத்ததா, தானியத்தில் வளர்த்த பூஞ்சை இழையை அப்படியே அரைத்ததா? இரண்டாவதில் அரிசி அல்லது ஓட்ஸ் மாவும் சேர்ந்தே வரும், ஸ்டார்ச்சும் பாலிசாக்கரைடு கணக்கில் ஏறிவிடும். 'பாலிசாக்கரைடு 40 சதவீதம்' என்ற எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். 500 மில்லிகிராம் கேப்சூலில் வெறும் அரைத்த பொடி இருந்தால், பத்து கிராம் போட்டுச் செய்யும் ஒரு கிண்ணச் சாற்றுக்கு ஈடாக இருபது கேப்சூல் விழுங்க வேண்டும். இந்தியாவில் ஊட்டச்சத்துத் துணைப்பொருள்களின் அட்டையில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று போட வேண்டும், நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அதை மீறும் அட்டையைப் பார்த்தால் உள்ளே இருப்பதையும் நம்ப வேண்டியதில்லை.

என் தீர்ப்பு, முழுப் பூவாக வாங்குங்கள். பளிச்சென்று வெள்ளையாக இருப்பதைத் தேடாதீர்கள். நிறம் மாறாமலிருக்க கந்தகப் புகை காட்டும் பழக்கம் உண்டு. லேசான மஞ்சள்தான் இயல்பு. பாக்கெட்டைப் பிரித்ததும் மூக்கில் சுருக்கென்று ஏறினால் வேண்டாம். ஊறவைத்த முதல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

கடைசியாகச் சொல்வதைத்தான் மறக்கக் கூடாது. பனிக்காளானில் உண்மையான ஆபத்து ஊறவைப்பதில் இருக்கிறது. ஊறிய காளானை வெயில் காலத்தில் மேடையில் ஒரு நாள், இரண்டு நாள் விட்டுவைத்தால் புர்க்ஹோல்டேரியா கிளாடியோலி என்ற பாக்டீரியாவின் ஒரு வகை அதில் வளரலாம். அது சுரப்பது பாங்க்ரெகிக் அமிலம், செல்லுக்குள் ஆற்றல் உற்பத்தியையே முடக்கும் நஞ்சு. இந்தோனேசியாவில் தேங்காய்ப் பிண்ணாக்கில் செய்யும் 'தெம்பே பாங்க்ரெக்' பலரைக் கொன்றதால் அந்தப் பெயர். 2015இல் மொசாம்பிக்கில் ஒரு துக்க வீட்டில் பரிமாறிய பியர் 75 பேரைப் பலிவாங்கியதும், 2020இல் சீனாவின் ஹெய்லோங்ஜியாங்கில் புளித்த சோள மாவு நூடுல்ஸ் சாப்பிட்ட ஒரே குடும்பத்தில் ஒன்பது பேர் இறந்ததும் இந்த நஞ்சால்தான். கெட்டுப்போன பனிக்காளானாலும் சீனாவில் உயிர்கள் போயிருக்கின்றன. இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது, எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அழியாது, நாக்குக்கும் தெரியாது.

ஆகவே சமைக்கும் நாளில் மட்டும், தேவையான அளவு மட்டும், ஓரிரண்டு மணி நேரம் ஊறவையுங்கள். அதற்கு மேல் தாமதமானால் ஃப்ரிட்ஜில் வைத்து அன்றே சமைத்துவிடுங்கள். ஊறிய மடல் சமைக்குமுன்பே பிசுபிசுத்தாலோ, நிறம் மாறினாலோ, வாடை வந்தாலோ குப்பையில் போடுங்கள். இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோ சர்க்கரை மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் கேப்சூல் பக்கம் போகுமுன் தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்; ஒரு கிண்ணம் சாறு குடிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை, கற்கண்டை மட்டும் குறைத்துப் போடுங்கள்.